டாக்டர் ஹூ: 60 வருஷ சீரியலை ஓட்டுறது யாரு?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன சில எபிசோடுகளுக்கு வந்த கமெண்ட்ஸ்ல நிறைய பேர் "டாக்டர் ஹூ எங்கிருந்து பாக்க ஆரம்பிக்கணும்?"னு கேட்டிருந்தீங்க. அதுக்குப் பதில் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தத் தொடர் பத்தி எனக்கு ரொம்ப நாளா இருந்த ஒரு கேள்வியை இன்னைக்குப் பேசலாம். 1963-ல ஆரம்பிச்ச ஒரு சயின்ஸ் ஃபிக்ஷன் தொடர். நடிச்ச ஹீரோ மாறிட்டார், எழுதினவங்க மாறிட்டாங்க, இயக்கினவங்க மாறிட்டாங்க, நடுவுல 16 வருஷம் வாரத் தொடரா வரவே இல்ல. ஆனா இன்னைக்கும் அது "அதே தொடர்"தான். அப்போ அதைப் பிடிச்சு வெச்சிருக்கறது யாரு?

என் பதில்: ப்ரொட்யூசர். அதுவும் ஒரே ஒரு ப்ரொட்யூசர் இல்ல, ஒருத்தர்கிட்டருந்து இன்னொருத்தர் கைக்குப் போன ஒரு வரிசை. அந்த வரிசை ஒழுங்கா நகர்ந்த வரைக்கும் தொடர் நல்லா இருந்துச்சு. நகராம நின்ன இடத்துலதான் தொடர் நின்னுச்சு. இன்னைக்கு எபிசோட் மொத்தமும் இதுதான்.

தொடரைப் பாக்காதவங்களுக்கு 30 செகண்ட் அறிமுகம். டாக்டர்னு ஒரு வேற்றுகிரகவாசி. அவர்கிட்ட டார்டிஸ்னு ஒரு வண்டி. வெளியிலருந்து பாத்தா அந்தக் காலத்து லண்டன் தெருக்கள்ல நின்ன நீல நிற போலீஸ் பெட்டி, உள்ள போனா பிரம்மாண்டம். அதுல ஏறி எந்தக் காலத்துக்கும், எந்தக் கிரகத்துக்கும் போகலாம். டாக்டர் சாகற நிலைமை வந்தா புது உடம்பு, புது முகம் எடுத்துக்குவார். அவ்வளவுதான், உள்ள போகலாம்.

இந்த ப்ரொட்யூசர் காசு போடறவர் இல்ல

நம்ம ஊர்ல தயாரிப்பாளர்னு சொன்னா உடனே என்ன தோணும்? ஃபைனான்ஸ் வாங்கி, வட்டி கட்டி, ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி தூங்காம இருக்கறவர். படம் அவரோடது, லாபமும் நஷ்டமும் அவரோடது.

பிபிசி ப்ரொட்யூசர் அப்படி இல்ல. அவர் மாசச் சம்பளம் வாங்கற ஊழியர். காசு பிரிட்டன் மக்கள் டிவி வெச்சிருக்கறதுக்குக் கட்டற லைசென்ஸ் கட்டணத்துலருந்து வருது. தொடர் பிபிசியோட சொத்து. ப்ரொட்யூசர் கையில இருக்கறது பொறுப்பு மட்டும்தான்: யாரை நடிக்க வைக்கறது, எந்த இயக்குநரைக் கூப்பிடறது, கொடுத்த பட்ஜெட்டை எதுல செலவு பண்றது, தொடரோட மொத்த டோன் எப்படி இருக்கணும், மேல இருக்கற அதிகாரிகள்கிட்ட யார் போய் சண்டை போடறது. அவருக்குப் பக்கத்துல ஸ்க்ரிப்ட் எடிட்டர்னு ஒருத்தர். எழுத்தாளர்களைப் பிடிச்சு, கதை வாங்கி, அதைத் திருத்தி, ஷூட்டிங்குக்குத் தயார் பண்றது அவர் வேலை. பழைய டாக்டர் ஹூவோட நல்ல காலங்களைப் பாத்தா எல்லாமே ஒரு ஜோடியாத்தான் இருக்கும்: வெரிட்டி லாம்பர்ட் - டேவிட் விட்டேக்கர், பேரி லெட்ஸ் - டெரன்ஸ் டிக்ஸ், பிலிப் ஹின்ச்கிளிஃப் - ராபர்ட் ஹோம்ஸ்.

ஆபீஸ் பாஷையில சொன்னா இவங்க ஃபவுண்டர் இல்ல, மெயின்டெய்னர். யாரோ ஆரம்பிச்சு வெச்ச சிஸ்டம். நிறுத்தாம ஓட்டணும், ஓடிக்கிட்டே இருக்கும்போதே மாத்தணும், ஒருநாள் இன்னொருத்தர்கிட்ட கொடுத்துட்டுப் போகணும். நம்மள்ல பல பேரு காலையில லாகின் பண்ணி பாக்கற வேலையும் கிட்டத்தட்ட இதுதான்.

முதல் ஆள்: 27 வயசு வெரிட்டி லாம்பர்ட்

தொடரை யோசிச்சவர்கள்ல முக்கியமானவர் சிட்னி நியூமன். கனடாக்காரர், பிபிசி நாடகப் பிரிவோட தலைவர். சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோட பாக்கற மாதிரி, பிள்ளைங்க வரலாறும் அறிவியலும் கத்துக்கற மாதிரி ஒரு தொடர் வேணும்னு நினைச்சார். அதை நடத்த அவர் கூட்டிட்டு வந்தது வெரிட்டி லாம்பர்ட்டை. அப்போ லாம்பர்ட்டுக்கு 27 வயசு. அதுக்கு முன்னாடி ப்ரொட்யூசரா இருந்ததே இல்ல. பிபிசி நாடகப் பிரிவுல அன்னைக்கு இருந்த ஒரே பெண் ப்ரொட்யூசர், வயசுலயும் எல்லாரையும் விட சின்னவங்க. முதல் கதையை இயக்க வந்த வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அவரும் இருபதுகள்ல இருந்தவர். அனுபவசாலிகள் நிறைஞ்ச பழைய நிறுவனத்துல இந்த ரெண்டு பேரையும் எப்படிப் பாத்திருப்பாங்கன்னு சொல்லத் தேவையில்ல.

நிலைமையும் சுகமா இல்ல. லைம் க்ரோவ்ல பழைய, இடமே பத்தாத ஸ்டூடியோ. வாரத்துக்கு ஒரு எபிசோட்: நாலு நாள் ரிகர்சல், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிட்டத்தட்ட நாடகம் மாதிரி ஒரே ஓட்டத்துல ரெக்கார்டிங். முதல் எபிசோடை எடுத்து முடிச்சதும் நியூமன் பாத்துட்டு, சரியில்ல, மறுபடி எடுங்கன்னுட்டார். எடுத்தாங்க. 1963 நவம்பர் 23 ஒளிபரப்பு. அதுக்கு முந்தின நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரே அந்தச் செய்தியில மூழ்கியிருந்ததால, அடுத்த வாரம் ரெண்டாவது எபிசோடுக்கு முன்னாடி முதல் எபிசோடை மறுபடியும் போட்டாங்க.

இப்போ முக்கியமான சம்பவம். நியூமன் ஆரம்பத்துலயே தெளிவா ஒண்ணு சொல்லியிருந்தார்: முட்டைக் கண்ணு ராட்சசன், ரோபோ மாதிரி மலிவான சமாச்சாரம் எதுவும் இந்தத் தொடர்ல வரக்கூடாது. ரெண்டாவது கதையா வந்தது டெரி நேஷன் எழுதின ஸ்க்ரிப்ட். அதுல டேலெக்ஸ். உலோகக் கூட்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு கரகர குரல்ல மிரட்டற உயிரினங்கள். நியூமன் கொதிச்சுட்டார். வேற ஸ்க்ரிப்ட் எதுவும் ரெடியா இல்ல. லாம்பர்ட்டும் விட்டுக்கொடுக்கல. இது வெறும் ராட்சசக் கதை இல்ல, அணு ஆயுதப் போர் முடிஞ்ச ஒரு கிரகத்துல என்ன மிஞ்சும்ங்கற கதைன்னு வாதாடினாங்க. டிசம்பர் 21-ல அந்தக் கதை ஆரம்பிச்சது. அது முடியறதுக்குள்ள பார்வையாளர் எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டிடுச்சு. பிரிட்டன் முழுக்க பள்ளிக்கூட மைதானத்துல பசங்க டேலெக்ஸ் மாதிரி கத்திக்கிட்டுத் திரிஞ்சாங்க. இந்தத் தொடரை என்னைவிட வெரிட்டிக்கு நல்லாப் புரிஞ்சிருக்குன்னு நியூமனே ஒத்துக்கிட்டார்.

இதுலருந்து ப்ரொட்யூசர் வேலையோட முதல் பாடம் கிடைக்குது. உருவாக்கினவர் எழுதி வெச்ச விதியை விட, தொடர் உண்மையில எதுவா மாறிக்கிட்டிருக்குன்னு கவனிக்கறது முக்கியம். ரிக்வயர்மென்ட் டாகுமென்ட் ஒண்ணு சொல்லும், யூசர் வேற ஒண்ணைப் பிடிச்சுக்குவாங்க. நடுவுல நிக்கறவர் முடிவெடுக்கணும்.

பிரச்சினையை ஃபீச்சரா மாத்தறது

லாம்பர்ட் 1965-ல கிளம்பிட்டாங்க. அடுத்து ஜான் வைல்ஸ், அவருக்கு அடுத்து இன்னஸ் லாய்ட். லாய்ட் கையில ஒரு பெரிய சிக்கல். டாக்டரா நடிச்ச வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு சரியில்ல, வசனம் நினைவுல நிக்கல. ஹீரோவால தொடர முடியல. சாதாரணமா என்ன பண்ணுவாங்க? தொடரை முடிப்பாங்க. இல்லன்னா அதே மாதிரி மூஞ்சி இருக்கற ஒருத்தரைப் போட்டு "இனி இவருக்குப் பதில் இவர்"னு போவாங்க. நம்ம மெகா சீரியல் ரசிகர்களுக்கு அந்த வரி நல்லாவே தெரியும்.

லாய்டும் ஸ்க்ரிப்ட் எடிட்டர் ஜெரி டேவிஸும் அந்த மாற்றத்தையே கதைக்குள்ள கொண்டுவந்தாங்க. டாக்டர் மனுஷன் இல்லையே, அவர் உடம்பு புதுப்பிக்கப்படலாமே. 1966 அக்டோபர் கடைசியில ஹார்ட்னெல் கீழே விழுந்தார், பேட்ரிக் ட்ரௌட்டன் எழுந்தார். முகம் மட்டும் இல்ல, குணமே மாறிடுச்சு. அதுக்கு ரீஜெனரேஷன்ங்கற பேர்கூட 1974-லதான் வந்துச்சு. இன்னைக்கு இந்தத் தொடர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் அதுதான். அது ஒரு ஆள் பற்றாக்குறைக்குக் கண்டுபிடிச்ச வழி.

இதே மாதிரி இன்னொண்ணு. 1970-ல தொடர் கலருக்கு மாறுச்சு. செலவு ஏறுச்சு. முந்தின சீசன்ல 44 எபிசோட் இருந்தது, இப்போ 25 ஆச்சு. புதுசு புதுசா கிரகம் செட் போட காசில்ல. அதனால டாக்டரை அவரோட இனத்தார் பூமிக்கு நாடு கடத்திட்டாங்கன்னு கதையை மாத்தினாங்க. அந்த முடிவை எடுத்தவங்க கிளம்பிட்டாங்க, பேரி லெட்ஸும் டெரன்ஸ் டிக்ஸும் அதை வெச்சு ஓட்ட வேண்டியதாச்சு. எழுத்தாளர் மால்கம் ஹல்க், டிக்ஸ்கிட்ட நேராவே சொன்னார்: பூமியை விட்டு நகர முடியலன்னா உங்ககிட்ட ரெண்டே கதைதான் மிஞ்சும், ஒண்ணு வேற்றுகிரகப் படையெடுப்பு, இன்னொண்ணு பைத்தியக்கார விஞ்ஞானி. உண்மைதான். அப்புறம் யோசிச்சு மூணாவதா ஒரு கதை பிடிச்சாங்க: படையெடுத்து வர்றவங்க இல்ல, மனுஷனுக்கு முன்னாடியே இங்க இருந்தவங்க. பூமிக்கு அடியில தூங்கிக்கிட்டிருந்த ஊர்வன இனம் எழுந்து வந்து, இது எங்க வீடுன்னு சொல்லுது. அதை ஹல்க்கே எழுதினார். யாருக்கு நிலம் சொந்தம்ங்கற அந்தக் கேள்வியாலயே அந்தக் கதை இன்னைக்கும் நிக்குது. நாடு கடத்தலையும் மூணு வருஷத்துல, பத்தாவது ஆண்டு விழாக் கதையை வெச்சு நீக்கிட்டாங்க. முந்தின டீம் போட்ட கட்டுப்பாட்டை மதிச்சு, அதுலருந்து எடுக்கற அளவுக்கு எடுத்துட்டு, சரியான நேரத்துல கழட்டிட்டாங்க.

மேலிருந்து வர்ற அடி

1974 கடைசியில பிலிப் ஹின்ச்கிளிஃப் வந்தார். அவருக்கு வயசு 30. ராபர்ட் ஹோம்ஸோட சேர்ந்து தொடரைத் திகில் பக்கம் திருப்பினார். பழைய பேய்ப்பட வாசனை, டாம் பேக்கரோட நீள மஃப்ளர், 1 கோடிக்கு மேல பார்வையாளர்கள். இன்னைக்கும் பல ரசிகர்களுக்கு அதுதான் பொற்காலம்.

மேரி வைட்ஹவுஸ்னு ஒருத்தர், டிவியில வன்முறையும் ஆபாசமும் கூடாதுன்னு இயக்கமே நடத்தினவர். 1976-ல ஒரு எபிசோட் டாக்டரோட தலையைத் தண்ணிக்குள்ள அமுக்கிப் பிடிச்ச ஷாட்ல, உறைஞ்ச படமா முடிஞ்சது. ஒரு குழந்தை அடுத்த வாரம் வரைக்கும் அந்தப் படத்தோடயே இருக்கணுமேன்னு அவர் கேட்டார். பிபிசி மன்னிப்புக் கேட்டுச்சு, அந்தக் காட்சியை மாஸ்டர் டேப்லருந்தே வெட்டுச்சு. கொஞ்ச நாள்ல ஹின்ச்கிளிஃபை ஒரு போலீஸ் தொடருக்கு மாத்திட்டாங்க. அந்தப் போலீஸ் தொடரை உருவாக்கிக்கிட்டிருந்த கிரகாம் வில்லியம்ஸை இங்க அனுப்பினாங்க. வன்முறையைக் குறைன்னு உத்தரவு, கூடவே 70-கள் பிரிட்டனோட கடுமையான விலைவாசி ஏற்றம். போதாததுக்கு 1979-ல வேலைநிறுத்தத்தால ஒரு முழுக் கதையே பாதியில நின்னுபோச்சு.

ஹின்ச்கிளிஃப் தொடரை நல்லா ஓட்டினதுக்குப் பிறகுதான் மாற்றப்பட்டார். சம்பளக்கார ப்ரொட்யூசரோட நிலைமை அது. வெற்றிக்கு முகம் ஹீரோ, புகாருக்கு முகம் ப்ரொட்யூசர்.

போக விடாத ப்ரொட்யூசர்

இதுவரைக்கும் ஒரு கணக்கு வெச்சுக்குங்க. 1963-லருந்து 1980 வரை 17 வருஷத்துல 8 ப்ரொட்யூசர். ரெண்டு, மூணு வருஷத்துக்கு ஒருத்தர். சில பேர் சொதப்பியிருக்கலாம், ஆனா சொதப்பல் நீடிக்கல. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் உள்ள வந்து, "இது ஏன் இப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க.

அடுத்த 9 சீசனுக்கும் ஒரே ஆள். ஜான் நேதன்-டர்னர்.

அவர் வெளியாள் இல்ல. இந்தத் தொடர்லயே கீழ்மட்ட வேலைகள் பாத்து, வில்லியம்ஸ்கிட்ட பட்ஜெட்டை நிர்வகிச்சு மேல வந்தவர். ஒவ்வொரு பவுண்டும் எங்க போகுதுன்னு தெரிஞ்சவர். 1980-ல வந்ததும் டைட்டில், தீம் மியூசிக், உடை, எல்லாத்தையும் புதுசாக்கினார். பீட்டர் டேவிசனைக் கூட்டிட்டு வந்தார். அமெரிக்க ரசிகர் கூட்டங்களுக்குப் போய் தொடருக்கு அங்க ஆதரவு சேர்த்தார். 1983-ல 20-வது ஆண்டு விழாவுக்கு லாங்லீட்ல சமாளிக்க முடியாத கூட்டம். அப்போ அவர் போயிருந்தார்னா இன்னைக்கு அவரைக் கொண்டாடியிருப்போம்.

போகல. அப்புறம் போகணும்னு கேட்டப்போ போக விடல.

1985-ல பிபிசி ஒன் தலைவர் மைக்கேல் கிரேட் தொடரை 18 மாசம் நிறுத்தி வெச்சார். அவருக்குத் தொடர் பிடிக்காதுங்கறது ஊரறிஞ்ச விஷயம். 1986-ல 14 எபிசோடோட திரும்பி வந்துச்சு. கடைசிப் பகுதியை எழுதவேண்டிய ராபர்ட் ஹோம்ஸ் முடிக்கறதுக்கு முன்னாடியே இறந்துட்டார். ஸ்க்ரிப்ட் எடிட்டர் எரிக் சேவர்ட் அதை எழுதி முடிச்சார், ஆனா முடிவு எப்படி இருக்கணும்னு நேதன்-டர்னரோட சண்டை வந்து வேலையை விட்டார், ஸ்க்ரிப்டையும் திரும்ப எடுத்துக்கிட்டார். ஷூட்டிங் தலைக்கு மேல நிக்குது. பிப் பேக்கர், ஜேன் பேக்கர்ங்கற தம்பதியை அவசரமா கூப்பிட்டார். சட்டச் சிக்கல் வரக்கூடாதுன்னு, சேவர்ட் எழுதினதுல என்ன இருந்துச்சுன்னு அவங்ககிட்ட சொல்லவும் முடியாது. 13 எபிசோட் ஓடின மர்மத்துக்கு, விடை தெரியாத ரெண்டு பேர் சில நாள்ல கிளைமாக்ஸ் எழுதினாங்க. புரொடக்ஷன் சர்வர் விழுந்த ராத்திரியில, கோடை எழுதினவர் ராஜினாமா பண்ணிட்டு டாகுமென்ட்டையும் எடுத்துட்டுப் போனா எப்படி இருக்கும்? அதேதான்.

அது முடிஞ்சதும் ஹீரோ காலின் பேக்கரை நீக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதை நடிகர்கிட்ட சொல்ற வேலை ப்ரொட்யூசருக்கு. தானும் கிளம்பிடுவோம்னு நினைச்சிருந்தார். இல்ல, நீங்க இருங்கன்னாங்க. புது டாக்டர் யாருன்னு தெரியாது, ஸ்க்ரிப்ட் எடிட்டர் இல்ல, கையில ஒரு கதைகூட இல்ல. அப்படித்தான் 1987 சீசன் ஆரம்பிச்சது. அதை பிரிட்டனோட மிகப் பிரபலமான சீரியல்கள்ல ஒண்ணான கரோனேஷன் ஸ்ட்ரீட்டுக்கு எதிரே அதே நேரத்துல போட்டாங்க. எண்ணிக்கை விழுந்துச்சு. ரசிகர்கள் அவரைப் போகச் சொல்லிக் கோஷம் போட்டாங்க. அவரும் போகத்தான் கேட்டுக்கிட்டிருந்தார்.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். கடைசி ரெண்டு சீசன்ல புது ஸ்க்ரிப்ட் எடிட்டர் ஆண்ட்ரூ கார்ட்மெல் இளம் எழுத்தாளர்களைக் கூட்டிட்டு வந்து தொடரைத் திரும்ப நல்ல இடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஒரே ஒரு புது ஆள் வந்ததுக்கே அவ்வளவு மாற்றம். ஆனா அதுக்குள்ள மேல முடிவு பண்ணிட்டாங்க. 1989 டிசம்பர் 6-ல கடைசி எபிசோட். தொடர் முடிஞ்சதுன்னு யாரும் ஒழுங்கா அறிவிக்கக்கூட இல்ல. திரும்பி வராமலே போகலாம்னு உணர்ந்து, டாக்டர் நடந்து போற காட்சிக்கு மேல சில வரிகள் வசனம் எழுதிச் சேர்த்தாங்க. அதை ரெக்கார்ட் பண்ணின தேதி நவம்பர் 23, தொடரோட 26-வது பிறந்தநாள்.

நேதன்-டர்னரைப் புனிதராக்க நான் வரல. அவர் இறந்து பல வருஷம் கழிச்சு வந்த வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்துல அவரோட நடத்தை பத்திக் கடுமையான குற்றச்சாட்டுகள் இருக்கு, அதை லேசா எடுத்துக்க முடியாது. தொடர் சம்பந்தமான அவரோட தேர்வுகள்லயும் தப்பு நிறைய. நான் கேக்கறது வேற: ஒரு தொடரை அதைப் பிடிக்காத நிர்வாகம், களைச்சுப்போன ஒருத்தர் கையில கட்டி வெச்சுட்டு, விழுந்ததும் "பாத்தியா, அவரால விழுந்துச்சு"ன்னு சொன்னா அது நியாயமா?

நான் வேலை பாத்த ஒரு இடத்துல ஒரு அண்ணன் இருந்தார். பழைய மாட்யூல் ஒண்ணு அவருக்கு மட்டும்தான் தெரியும். டீம் மாத்தக் கேட்டா, "நீங்க இல்லன்னா இது ஓடாதே"ன்னு மேனேஜர் சிரிச்சுக்கிட்டே சொல்வார். கேக்க பாராட்டு மாதிரி இருக்கும். அவர் புதுசா ஒண்ணும் கத்துக்கல, மாட்யூலும் வளரல. அந்த வாக்கியம் பாராட்டு இல்ல, பூட்டு.

2005: கைமாத்தறதைக் கத்துக்கிட்ட தொடர்

1996-ல ஒரு டிவி படம் வந்துச்சு, அமெரிக்காவுல எடுபடல. 2003-ல மறுபடி கொண்டுவரப்போறோம்னு பிபிசி அறிவிச்சது. இந்தத் தடவை வேலையை ஒருத்தர் தலையில வைக்கல. தலைமை எழுத்தாளரா, எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசரா ரஸ்ஸல் டி டேவிஸ். அமெரிக்கக்காரங்க ஷோரன்னர்னு சொல்ற பதவி. கூடவே எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசரா பிபிசி வேல்ஸோட ஜூலி கார்ட்னர். தினசரி ஷூட்டிங்கைத் தாங்கின ப்ரொட்யூசர் ஃபில் காலின்சன். தொடரே லண்டனை விட்டு கார்டிஃப்புக்கு இடம் மாறுச்சு.

டேவிஸ் செஞ்ச ரீஃபாக்டரிங் அழகு. எதை வெச்சார்? போலீஸ் பெட்டி, தீம் மியூசிக், டேலெக்ஸ், பழைய கதை எல்லாம் நடந்ததுதான்ங்கற உண்மை. எதைத் தூக்கினார்? 26 சீசனோட சுமையை. பெரிய போர் ஒண்ணு நடந்து டாக்டரோட இனமே அழிஞ்சிருச்சுன்னு ஒரே வரியில சொல்லிட்டார். அவரோட சொந்தக் கிரகத்தோட பேரைக்கூட முதல் ரெண்டு சீசன்ல யாரும் உச்சரிக்கல. கதையை டாக்டர் பார்வையிலருந்து ஆரம்பிக்காம, துணிக்கடையில வேலை பாக்கற ரோஸ்ங்கற 19 வயசுப் பொண்ணோட பார்வையிலருந்து ஆரம்பிச்சார். பழசு தெரிஞ்சவங்களுக்கு எதுவும் பொய்யாகல, தெரியாதவங்களுக்கு எதுவும் தடையாகல. 2005 மார்ச் 26, முதல் எபிசோடை 1 கோடிக்கு மேல பேர் பாத்தாங்க.

எனக்குப் பிடிச்ச பகுதி அதுக்கப்புறம்தான். டேவிஸ் போகும்போது 2009-ல முழு சீசன் எடுக்கல, சில ஸ்பெஷல் எபிசோட் மட்டும். அந்த இடைவெளியில அடுத்து வர்ற ஸ்டீவன் மோஃபட்டோட டீம் தயாராகிக்க நேரம் கிடைச்சது. மோஃபட் போகும்போது அடுத்தவர் கிரிஸ் சிப்னல் வேற தொடர்ல மாட்டியிருந்தார், அதனால கூடுதலா ஒரு சீசன் இருந்தார். கிறிஸ்துமஸ் ஸ்பெஷலோட ஆரம்பிக்க சிப்னல் விரும்பல. அந்த வருஷம் விட்டா கிறிஸ்துமஸ் நாள் ஸ்லாட்டே தொடர் கையை விட்டுப் போயிடுமோன்னு, கிளம்ப வேண்டிய மோஃபட் 2017 டிசம்பருக்கு இன்னொரு எபிசோட் எழுதினார். தனக்காக இல்ல, அடுத்து வர்றவருக்காக. இதுதான் ஹேண்ட்ஓவர்.

பழைய கடனும் தீர்த்தார். 1976-ல, அதே தண்ணி ஷாட் வந்த கதையில, ஹோம்ஸ் போற போக்குல ஒரு விதி எழுதி வெச்சிருந்தார்: 12 தடவைக்கு மேல உடம்பு மாத்த முடியாது. அன்னைக்கு நாலாவது டாக்டர்தான் ஓடிக்கிட்டிருந்தார், யாருக்குக் கவலை? 37 வருஷம் கழிச்சு, 2013 கிறிஸ்துமஸ் எபிசோட்ல, மோஃபட் அந்தக் கணக்கை நேராக்கி, டாக்டருக்குப் புதுச் சுற்று வாங்கிக் கொடுத்தார். டெக்னிக்கல் டெட்க்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்போ, எங்கிருந்து பாக்கறது?

2005-ல "ரோஸ்" எபிசோட்லருந்து ஆரம்பிங்க. பிடிச்சா 1970-ல வந்த அந்த ஊர்வன இனத்தோட கதைக்குப் போங்க. மெதுவா போகும், பொறுமையா பாருங்க. அப்புறம் லாம்பர்ட்டோட முதல் டேலெக்ஸ் கதை. பாக்கும்போது கடைசியில ஓடற பேர் பட்டியல்ல ப்ரொட்யூசர்னு வர்ற வரியில ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த ஆள் உள்ள வந்தப்போ கையில என்ன இருந்துச்சு, போகும்போது அடுத்தவருக்கு என்ன வெச்சுட்டுப் போனார்னு யோசிச்சுப் பாருங்க.

உங்க டீம்லயும் "நீங்க இல்லன்னா ஓடாது"ன்னு சொல்லப்பட்ட ஒருத்தர் இருப்பார். ஒருவேளை அது நீங்களாவே இருக்கலாம். அடுத்த ஸ்ப்ரிண்ட்ல அந்த வேலையில பாதியை இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் கேளுங்க. டிக்கெட்டாவே போடுங்க, அப்போதான் நடக்கும்.

இன்னைக்கு அவ்வளவுதான் மக்களே. எந்த டாக்டர் உங்க டாக்டர்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.